கை எட்டாத போல்ட்

விமானப்படைத் தளத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் நட்டுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு எஞ்சினைக் கழற்றி மாட்டிய பிறகு தட்டில் இருந்த நட்டுகளை எண்ணினார். ஒன்று குறைந்தது. மேலதிகாரிகள் எல்லாம் வந்து வரிசையாக உட்கார்ந்திருந்த நாள் அது. விமானம் அவர்கள் தலைக்கு மேல் பறந்து காட்ட வேண்டும். "எங்கயாவது தரையில உருண்டிருக்கும், கையெழுத்தப் போடு" என்றார் பெரிய மெக்கானிக். இவர் போடவில்லை. உள்ளே விழுந்திருந்தால் எஞ்சினைத் தின்றுவிடும் என்று ஒரே பிடியாக நின்றார். இரண்டு மணி நேரம் தேடினார்கள். கடைசியில் அது அவருடைய காற்சட்டையின் மடிப்பிலேயே கிடந்தது.

"நட்டு கழண்ட கேஸுப்பா இது" என்று யாரோ சொன்னார்கள். சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் அன்றிலிருந்து, அவர் கையெழுத்துப் போட்ட விமானத்தில் விமானிகள் மறுகேள்வி கேட்காமல் ஏறினார்கள்.

இருபத்தாறு வருடம் கழித்து, அந்தக் கையெழுத்துக்காகவே அவரை அந்தக் குழுவில் போட்டார்கள். படையிலிருந்த போர் விமானங்கள் கிழடாகிவிட்டன. புதிதாக வாங்க வேண்டும். பதினேழு நிறுவனங்களில் தொடங்கி, வடிகட்டி வடிகட்டி, இரண்டு விமானங்கள் மிஞ்சின. ஒன்றுக்கு ஒரு எஞ்சின், இன்னொன்றுக்கு இரண்டு. நிறுவனங்களின் பெயரை வாயில் எடுக்கக் கூடாது என்று உத்தரவு. ஆகவே குழுவில் எல்லாரும் ஒற்றை, இரட்டை என்றே பேசினார்கள். பறக்கும் திறனை விமானிகள் பார்ப்பார்கள். ஆயுதங்களை வேறு ஆட்கள் பார்ப்பார்கள். பராமரிக்க எது லேசு, எது தொல்லை என்று சொல்ல வேண்டியது நட்டு.

குழுவில் பதினோரு பேர். நட்டைத் தவிர மற்ற எல்லாரும் அதிகாரிகள். தளத்தின் ஓரத்தில் இருந்த பயிற்சி விடுதியில் ஏழு வாரம் அடைத்து வைத்தார்கள். அடைத்தார்கள் என்பது சும்மா சொல்லும் வார்த்தை இல்லை. முந்தைய தடவை யாரோ ரகசியத்தைக் கசியவிட்டு எல்லாம் ரத்தாகியிருந்தது. அதனால் இந்தத் தடவை வாசலிலேயே கைபேசிகளை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். ஜன்னல்களைத் திறக்க முடியாதபடி சட்டத்தோடு சேர்த்துத் திருகியிருந்தார்கள். காலையில் கொடுக்கும் பென்சிலை மாலையில் எண்ணி வாங்கிக்கொண்டார்கள். கிறுக்கிய தாளைக்கூடக் கண் முன்னாலேயே இயந்திரத்தில் விட்டுப் பொடியாக்கினார்கள். நடக்க வேண்டுமானால் கட்டடத்தைச் சுற்றி நடக்கலாம். ஒரு சுற்றுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு காலடி. முதல் வாரமே நட்டுக்கு மனப்பாடம்.

வீட்டோடு பேச ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம். அதுவும் வரவேற்பறையில் இருந்த கம்பித் தொலைபேசியில், பக்கத்தில் காவல் பிரிவு அம்மா ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, காதுக்கருவியில் இரு பக்கப் பேச்சையும் கேட்டுக்கொண்டிருக்க.

மூன்றாவது வாரம் அவருக்குக் கடைவாய்ப் பல் வலி எடுத்தது. பல் மருத்துவரிடம் கூட்டிப் போனபோதும் ஒரு காவலர் கூடவே வந்து நாற்காலிக்கு அருகில் நின்றார். வாய் நிறையப் பஞ்சோடு படுத்திருந்த நட்டைப் பார்த்து மருத்துவர், "இந்த வாயிலேர்ந்து என்ன ரகசியம் வெளியே வரப்போகுதுன்னு காவல் நிக்கறீங்க? சீழ்தான் வருது" என்றார். காவலர் சிரிக்கவில்லை. நட்டுக்குச் சிரிப்பு வந்தும் சிரிக்க முடியவில்லை.

வேலை என்று பார்த்தால் அவருக்குப் பிடித்த வேலைதான். இரண்டு நிறுவனங்களும் ஆளுக்கொரு விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தன. நட்டும் அவருடைய ஆட்கள் ஆறு பேரும் பத்து நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு, தங்கள் கையாலேயே எஞ்சினை இறக்கி, டயர் மாற்றி, எரிபொருள் நிரப்பிப் பார்த்தார்கள். நட்டு கடிகாரத்தோடு நின்று ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்தார்.

ஒற்றை அழகி. அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. குழுத் தலைவர் பழைய விமானி. ஒற்றையைக் கண்ட நாளிலிருந்தே கல்யாண மாப்பிள்ளை மாதிரி அதைச் சுற்றி வந்தார். எஞ்சினும் எழுபது நிமிடத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. நட்டே அசந்துபோனார். ஆனால் பதினோராம் நாள் ஹைட்ராலிக் பம்ப்பைக் கழற்றும் வேலை வந்தது. சக்கரங்களை மடக்கவும், இறக்கையில் உள்ள பலகைகளை அசைக்கவும் எண்ணெயை அழுத்தித் தள்ளும் பம்ப் அது. இருநூறு மணி நேரம் பறந்தால் ஒரு தடவை கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். நான்கு போல்ட்டுகள். மூன்று கண்ணுக்கு எதிரே இருந்தன. நான்காவது, பம்ப்பின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இரண்டு குழாய்களுக்கு நடுவே கையை நுழைத்து, முழங்கைவரை திருப்பி, விரல் நுனியால் தடவித்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆட்களில் நான்கு பேருக்குக் கையே நுழையவில்லை. ஐந்தாமவருக்கு நுழைந்தது, திரும்பவில்லை. ஆறாவது ஒரு பெண், அந்த ஆறு பேரிலேயே சின்னக் கை அவளுக்குத்தான். நுழைத்தாள், தடவினாள், ஸ்பானரைப் பொருத்தினாள், அது வழுக்கி விழுந்தது. மறுபடி, மறுபடி. மணிக்கட்டின் தோல் குழாய் விளிம்பில் உரிந்து ரத்தம் வந்தது. போல்ட் வெளியே வரும்போது ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது.

ஒற்றையின் நிறுவனத்துப் பொறியாளர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தன் ஆளைக் கூப்பிட்டார். மெலிந்த, நீளமான விரல்கள் கொண்ட ஆள். கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டு நிமிடத்தில் போல்ட்டைக் கையில் எடுத்துக் காட்டினார்.

"இந்த நேரத்தை எழுதுங்க. பழக்கத்துல வந்துடும்" என்றார் பொறியாளர், கூட இருந்த மொழிபெயர்ப்பாளர் வழியாக.

"இவரு எத்தனை வருஷமா இதைப் பண்றாரு?" என்று நட்டு கேட்டார்.

பொறியாளர் பதில் சொல்லுமுன் மெலிந்த ஆளே ஒன்பது விரலைக் காட்டினார்.

இரட்டையில் அதே பம்ப் மார்பு உயரத்தில், ஒரு கதவைத் திறந்தால் கைக்கு எதிரே இருந்தது. முப்பத்தைந்து நிமிடம். மற்றபடி இரட்டைக்கு இரண்டு எஞ்சின், இரண்டு மடங்கு வேலை. இருந்தும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் பராமரிப்பில் இரட்டைதான் முந்தியது. எல்லாம் அந்த ஒரு போல்ட்டால் வந்த வித்தியாசம். நட்டு சனிக்கிழமை மாலை தாளை நிரப்பி முடித்தார். இன்னும் இரண்டு வாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வழக்கமாக உட்காரும் அம்மாவுக்கு விடுப்பு. பதிலுக்கு வந்திருந்த குமாஸ்தா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுளையிலும் நார் எடுப்பதில்தான் அவருடைய கவனம் முழுக்க இருந்தது.

"ஏங்க, நல்ல சேதி" என்று மனைவி ஆரம்பித்தாள். "தம்பிக்கு வேலை கெடச்சிருச்சு."

மனைவிக்கு ஒரே தம்பி. பெற்றவர்கள் போன பிறகு பன்னிரண்டு வயதில் அக்காவோடு வந்தவன். நட்டுதான் அவனை வளர்த்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். பையன் தங்கம், ஆனால் தொட்டது எதுவும் துலங்கவில்லை. கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்தான், மூடினான். பழைய கார் வாங்கி விற்றான், நின்றது. கல்யாணமாகி, கைக்குழந்தையும் வந்துவிட்ட நிலையில் பதினான்கு மாதமாகச் சும்மா உட்கார்ந்திருந்தான். அவன் வாய்விட்டுச் சிரித்தே நாளாகியிருந்தது.

"அப்படியா? எங்க?"

"யாரோ வெளிநாட்டுக்காரருக்குக் கார் ஓட்டறான். ரொம்ப மரியாதையா நடத்தறாராம். கம்பெனியிலேர்ந்து சட்டை, தொப்பி எல்லாம் குடுத்திருக்காங்க. நீலத் தொப்பி, முன்னால வெள்ளையா ஒரு முக்கோணம். புள்ளையத் தூக்கிக்கிட்டு அந்தத் தொப்பியோடயே சுத்தறான். உங்கள மாதிரியே ஏரோப்ளேன் கம்பெனிதானாம்ங்க!"

நட்டு ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். நீலத் தொப்பி, வெள்ளை முக்கோணம். கடந்த மூன்று வாரமாகத் தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரட்டையோடு வந்த ஒவ்வொருவர் தலையிலும் அதுதான்.

"அவரு உங்களப் பத்திக்கூடக் கேட்டாராம். 'உங்க மாமா ரொம்ப நேர்மையானவராமே'ன்னு. தம்பிக்குப் பெருமை தாங்கல."

நட்டு குமாஸ்தாவைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஒரு விதையைத் துப்பி உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். எதுவும் காதில் விழுந்திருக்கவில்லை.

குழுவில் சேரும்போது ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார். நெருங்கிய உறவில் யாராவது இந்த நிறுவனங்களோடு தொடர்பு வைத்திருந்தால், தெரிந்த அன்றே சொல்ல வேண்டும். மைத்துனன் நெருங்கிய உறவு இல்லை என்று யார் சொல்வார்கள்?

அந்த வாரம் அவர் கட்டடத்தைச் சுற்றி நடந்ததற்குக் கணக்கே இல்லை. எந்தப் பக்கம் போனாலும் சுவர். சொன்னால் தம்பியின் வேலை போகும். சொல்லாமல் விட்டால், என்றைக்காவது வெளியே தெரியும்போது, போல்ட்டாவது புண்ணாக்காவது, மச்சினனுக்காக மார்க் போட்டான் என்றுதான் பேசுவார்கள். தாளைத் திருத்தி ஒற்றைக்குச் சாதகமாக எழுதிவிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தலைவரும் முதுகில் தட்டிக்கொடுப்பார். அந்தப் பெண்ணின் மணிக்கட்டுத் தோல்தான் உரிந்துகொண்டே இருக்கும், இன்னும் முப்பது வருடத்துக்கு, எத்தனையோ மணிக்கட்டுகளில். கை நுழையாதவன் ஒருவன், ஒரு நாள், நான்காவது போல்ட்டைச் சரியாக முடுக்காமலே 'ஆச்சு' என்று எழுதிவிட்டுப் போவான். அப்படிப் போகிறவர்களை நட்டு பார்த்திருக்கிறார்.

சாப்பாட்டு மேசையில் பேச்சு வந்தால் தட்டைப் பார்த்துக்கொண்டார். அறைத் தோழரான கணக்குத் துறை அதிகாரி, "என்ன நட்டு, பல்லு இன்னும் வலிக்குதா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றார். பல் என்றைக்கோ சரியாகியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர் ஒரு யோசனை செய்து வைத்திருந்தார். எப்படியாவது ஜாடையாகச் சொல்லி, அவனாகவே வேலையை விட்டுவிடும்படி செய்ய வேண்டும். ஆனால் இந்தத் தடவை காவல் பிரிவு அம்மா திரும்பி வந்திருந்தார், நோட்டோடு.

"தம்பிகிட்ட சொல்லு" என்றார் நட்டு. "பழைய கடையவே பாத்துக்கலாமே. சொந்தத் தொழில் மாதிரி வருமா?"

"எந்தக் கடைய? அது மூடி ஒன்றரை வருஷமாச்சுங்க. அங்க இப்ப செருப்பு விக்கறாங்க. உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

"இல்லம்மா. கார் ஓட்டறதெல்லாம் நிரந்தரமா?"

"அவன் வாய்விட்டுச் சிரிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா? இப்பதான் மனுஷனா இருக்கான். நேத்துக்கூட அந்த நீலத் தொ..."

நட்டு சட்டென்று தொலைபேசியின் குமிழை அழுத்தினார். இணைப்பு அறுந்தது. காதில் வெறும் இரைச்சல்.

காவல் பிரிவு அம்மா நிமிர்ந்தார். "என்னாச்சு?"

"லைன் கட்டாயிடுச்சுங்க."

"மறுபடி போடட்டுமா? இன்னும் ஆறு நிமிஷம் இருக்கே."

"வேண்டாம்ங்க. பேசிட்டோம்."

அறைக்குத் திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்தார். பல்வலிச் சாக்கை விட்டுவிட்டால், இருபத்தாறு வருட வேலையில் சொன்ன முதல் பொய். அது இவ்வளவு லேசாக வாயிலிருந்து வந்ததுதான் அவரைப் பயமுறுத்தியது. இதை வைத்துக்கொண்டு இனி ஒரு தாளிலும் கையெழுத்துப் போட முடியாது என்று அவருக்குத் தெரிந்துபோனது.

திங்கட்கிழமை காலை தலைவரின் அறைக்குப் போனார். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். தெரிந்து எட்டு நாள் ஆயிற்று என்பதையும், நேற்று லைன் தானாகக் கட்டாகவில்லை என்பதையும். தலைவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போனார். தலைவர் கோபப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"நல்ல வேளை, நீங்களே சொல்லிட்டீங்க நட்டு. உங்க நேர்மைய மதிக்கிறேன்."

"தாமதமாயிடுச்சு சார்."

"பரவால்ல. இப்ப ஒண்ணு பண்ணலாம். உங்க பராமரிப்புத் தாள எடுத்து வச்சிடறேன். அது இனிமே செல்லாது இல்லையா? உங்க உறவுக்காரர் அந்தக் கம்பெனில இருக்காரு, உங்க மார்க்கும் அந்தக் கம்பெனிக்குத்தான் சாதகமா இருக்கு. நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது? நிறுவனங்கள் குடுத்த நேரத்தையே எடுத்துக்கலாம்."

நட்டுக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "அப்ப அந்தப் போல்ட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷமா சார்?"

"பன்னிரண்டுதான்."

"சார், அந்தப் பொண்ணு கையப் பாத்தீங்களா?"

"ஒரு போல்ட்டுக்காக ஒரு விமானத்தையே வேண்டாங்கறீங்களா நட்டு?" தலைவர் உண்மையாகவே வருத்தத்தோடுதான் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. பிடித்துப்போன ஒன்றில் குறை பார்க்கத் தெரியாத மனிதர், அவ்வளவுதான்.

"விமானம் வேண்டாம்னு நான் சொல்லல சார். என்னைத் தள்ளிடுங்க. ஆனா சோதனைய மறுபடி பண்ணுங்க. எனக்குத் தெரியாத ஆறு பேரு, வேற தளத்துலேர்ந்து. நான் அந்தப் பக்கமே வரல."

"நேரமில்ல."

நட்டு வெளியே வந்தார். உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். அவருக்கு இறங்கவில்லை. தான் வாயைத் திறந்ததையே பூட்டாக்கித் தன் தாளைப் பூட்டிவிட்டார்களே என்றுதான் இருந்தது.

குழுவின் விதிகளை அவர் மட்டும்தான் வரி விடாமல் படித்திருந்தார். மாற்றுக் கருத்து உள்ளவர் ஒரு பக்கத்துக்கு எழுதி அறிக்கையோடு சேர்க்கலாம், இன்னொரு உறுப்பினரும் கையெழுத்துப் போட்டால். அன்று மாலைக்குள் அவரைக் குழுவிலிருந்து நீக்கும் உத்தரவு வந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் எழுத வேண்டும். எழுதினார். பன்னிரண்டு வரிதான் வந்தது. தம்பி விஷயத்தை முதல் வரியிலேயே போட்டார்.

அறைத் தோழர் படித்துவிட்டு, "இது என் துறை இல்லையே நட்டு" என்று திருப்பிக் கொடுத்தார். ஆயுதப் பிரிவுக்காரர் படிக்கவே இல்லை. மிச்சம் இருந்தது சோதனை விமானி. முப்பத்தெட்டு வயதுப் பெண். ஒற்றையை ஒன்பது தடவை ஓட்டியவர். அதை ஓட்டிவிட்டு இறங்கும்போதெல்லாம் முகம் சிவந்து, பேசவே கொஞ்ச நேரம் ஆகும் அவருக்கு. அவரிடம் போவது வீண் என்றுதான் நட்டு நினைத்தார். ஆனாலும் போனார்.

விமானி நின்றபடியே படித்தார். "எனக்குப் புடிச்சது ஒற்றைதான். அதுக்குத்தான் மார்க் போட்டிருக்கேன். மாத்தவும் மாட்டேன்."

"தெரியும்ங்க மேடம்."

"இதுல என்ன கேக்கறீங்க? மறுபடி சோதிங்கன்னுதானே?"

"அவ்வளவுதான்."

"நீங்க கையெழுத்துப் போடாம நான் எதுலயும் ஏறினதில்ல" என்றார். "குடுங்க பேனாவ."

மாலையில் உத்தரவு வந்தது. நட்டு குழுவில் இல்லை. ஆனால் வீட்டுக்கும் போக முடியாது. இரண்டு விமானங்களைப் பற்றியும் இவ்வளவு தெரிந்த ஆளை, அறிக்கை மேலே போய்ச் சேரும்வரை எப்படி வெளியே விடுவது? அறையை மட்டும் மாற்றினார்கள். மாடியில் கடைசி அறை. மற்றவர்களோடு பேசக் கூடாது. சாப்பாடு அறைக்கே வரும். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியும் கிடையாது.

பத்தொன்பது நாள். வேலை செய்தே பழகிய கைகள் மடியில் கிடந்தன. முதல் மூன்று நாள் அறையிலிருந்த எல்லாவற்றையும் சரிசெய்தார்: ஆடிய மேசைக்கால், சொட்டிய குழாய், கிறீச்சிட்ட அலமாரிக் கதவு. நான்காவது நாள் சரிசெய்ய எதுவும் இல்லை. பத்தாம் நாள் வாக்கில், விமானம் நிறுத்தும் கூடாரப் பக்கம் அறிமுகமில்லாத சீருடைக்காரர்கள் சிலர் நடந்து போவதைத் திருகிய ஜன்னல் வழியே பார்த்தார். ஆறு பேரா, ஏழு பேரா? எண்ணி முடிப்பதற்குள் கட்டடம் மறைத்துவிட்டது. மறுசோதனைக்கு வந்தவர்களா, வேறு வேலையாக வந்தவர்களா? சாப்பாடு கொண்டு வந்தவரிடம் கேட்டார். அவர் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். பதிலை மென்று விழுங்கியது போல் இருந்தது அவர் முகம். அப்படி நட்டுக்குத்தான் தோன்றியதோ என்னவோ.

விடுவித்த அன்று கைபேசியோடு ஒரு தாளையும் நீட்டினார்கள். இங்கே பார்த்தது, கேட்டது, எழுதியது எதையும் ஆயுள் முழுக்க யாரிடமும் சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக் கதவை மனைவிதான் திறந்தாள். ஆஸ்பத்திரி மருந்துப் பிரிவில் வேலை பார்ப்பவள். அன்று விடுப்பு எடுத்திருந்தாள். காத்திருந்திருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"தம்பி வேலைய எடுத்துட்டாங்க. ரெண்டு வாரத்துக்கு மேலாச்சு. காவல் பிரிவுலேர்ந்து ரெண்டு பேர் வீட்டுக்கு வந்து அவன கேள்வி மேல கேள்வி கேட்டாங்க. புள்ளைக்குப் பால் குடுக்கற நேரம். அவன் பொண்டாட்டி அழுதுட்டா."

நட்டு செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"அந்த வெளிநாட்டுக்காரர் நல்லவர்தானாம். ஆனா வச்சுக்க முடியாதுன்னுட்டாராம். 'உங்க வீட்டுலேர்ந்தே தகவல் போயிருக்கு'ன்னு அவன்கிட்ட சொல்லியிருக்காங்க." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. "நீங்களாங்க?"

"ஆமா."

"ஏன்?"

வாயைத் திறந்தார். சொல்ல எவ்வளவோ இருந்தது. போல்ட், மணிக்கட்டு, பன்னிரண்டு நிமிடம், எட்டு நாள். எல்லாம் அந்தத் தாளுக்குள் பூட்டிக் கிடந்தது. "சொல்லக் கூடாதும்மா."

"எங்கிட்டயுமா?"

"யார்கிட்டயும்."

அவள் கதவைச் சாத்தினாள். பிறகு உள்ளே போய்ச் சாப்பாடு எடுத்து வைத்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் சண்டை நடக்கவில்லை. பேச்சும் அதிகம் நடக்கவில்லை. தம்பி வருவதை நிறுத்திவிட்டான். அக்காதான் வாரம் ஒரு தடவை போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வருவாள். வரும்போது குழந்தை தவழ்கிறது, நிற்கிறது, நடக்கிறது என்று சொல்வாள். பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொல்வது போலச் சொல்வாள். நட்டு கேட்டுக்கொள்வார்.

அடுத்த ஆண்டு தொலைக்காட்சியில் அறிவித்தார்கள். ஒற்றை. தளத்தில் இனிப்பு கொடுத்தார்கள். நட்டும் ஒன்றை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு பழைய விமானத்தின் அடியில் போய்ப் படுத்து வேலையைத் தொடர்ந்தார். எல்லாம் வீண் என்று அன்றைக்கு அவர் முடிவு கட்டிவிட்டார். ஒரு பக்கத் தாள் எங்கேயாவது பொடியாகியிருக்கும். அதற்கு ஒரு குடும்பத்தை விலையாகக் கொடுத்தாயிற்று. கேட்கவும் ஆளில்லை. தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார். சோதனை விமானியை வேறு தளத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஒரு தடவை விழாவொன்றில் அந்த விமானி தூரத்திலிருந்து நட்டைப் பார்த்துத் தலையசைத்தார், பக்கத்தில் வரவில்லை. அவரும் அதே தாளில் கையெழுத்துப் போட்டவர்தானே.

முதல் ஒற்றை வந்து இறங்க இரண்டரை வருடம் ஆயிற்று. நட்டு ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம் இருந்தது. கூட்டம் எல்லாம் மூக்குப் பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் வயிற்றுப் பக்கம் குனிந்து நுழைந்தார். பம்ப் இருக்கும் இடத்துக்குக் கீழே, முன்பு வழவழவென்று இருந்த தகட்டில், ஒரு சின்னக் கதவு. நான்கு திருகு. சோதனைக்கு வந்த விமானத்தில் இது இல்லை. சட்டைப் பையிலிருந்த திருப்புளியால் திறந்தார். தன் தடித்த கையை நுழைத்தார். குழாய் எதுவும் இடிக்கவில்லை. விரல்கள் நேராகப் போய் நான்காவது போல்ட்டின் தலையில் நின்றன.

ஆக, அந்த ஆறு பேர் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் கை நுழையவில்லை. யாரோ அதை எழுதியிருக்கிறார்கள், யாரோ படித்திருக்கிறார்கள். வாங்குகிறோம், ஆனால் இங்கே ஒரு கதவு வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"என்ன சார், அங்கயே தூங்கிட்டீங்களா?" என்று வெளியிலிருந்து ஒரு மெக்கானிக் கேட்டான்.

"இல்லப்பா. கதவு நல்லா மூடுதான்னு பாக்கறேன்."

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்ல வேண்டும் போல் துடித்தது. சொல்லவில்லை. சொன்னது, "இன்னைக்குப் புது விமானம் வந்துச்சு" என்று மட்டும்தான். அவள், "நல்லா இருக்கா?" என்று கேட்டாள். "இருக்கு" என்றார். அவர் முகத்தை அவள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள். என்ன கண்டாளோ, அன்று சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்தாள்.

ஓய்வு பெற்ற மறுவருடம் மனைவிக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி சொல்லியிருப்பதாக அவள் சொன்னாள். யாருடைய வண்டி என்று சொல்லவில்லை. காலை ஒன்பது மணிக்கு வாசலில் ஒரு வெள்ளை வாடகைக் கார் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கவில்லை. நட்டு மனைவியின் கையைப் பிடித்துக் கூட்டி வந்து பின் கதவைத் திறந்தபோதுதான், கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்தார். தலையில் இரண்டொரு நரை விழுந்திருந்தது.

ஒரு கணம், முன்னால் உட்காருவதா பின்னால் உட்காருவதா என்று தெரியாமல் நின்றார். மனைவி உள்ளேயிருந்து, "ஏறுங்க, நேரமாச்சு" என்றாள். பின்னாலேயே ஏறினார்.

மூன்று சிக்னல் போனது. ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே வந்தார் நட்டு. வளைவில் வேகத்தைக் குறைக்கும் விதம், முன்னால் போகும் வண்டியோடு விடும் இடைவெளி, எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் அதையும் சொல்ல வாய் வரவில்லை. நான்காவது சிக்னலில் வண்டி நின்றது. வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது. முன்னாலிருந்த கை நீண்டு, திரும்பாமலே, பக்கவாட்டுத் திரையை இழுத்துவிட்டது.

"போதுமா மாமா?"

"போதும்ப்பா."

விளக்கு பச்சையானது. வண்டி நகர்ந்தது.